அணுகுண்டுக் காந்தியும் அஞ்சுவண்ணமும்

கணினியில் ஆடும் ஆட்டத்தைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவது தகுமோ என ஐயுறுவார் உளர். நாவல் படிப்பது பொழுதைக் கொல்வதென்றும், திரைப்படம் பார்ப்பது ஒழுக்கக் கேடென்றும் நம் முன்னோர் கடிந்த காலம் ஒன்றிருந்தது. பின்னர் அவ்விரண்டையும் பற்றி நாமே பக்கம் பக்கமாக ஆராயத் தலைப்பட்டோம். விளையாட்டும் அந்நிலையை எய்திவிட்டது என்பதற்கு ஒரு காரணமே போதும். சோழர் வரலாற்றைப் பாடநூலிலே படிக்கு முன்னரே அதனைத் திரையிலே ஆடிப் பார்த்துவிடும் தலைமுறை ஒன்று நம் வகுப்பறைகளில் வந்து அமர்ந்திருக்கிறது.

செய்தி இதுதான். 1991ஆம் ஆண்டில் அமெரிக்கரான சிட் மையர் என்பார் 'சிவிலைசேஷன்' என்னும் விளையாட்டை வெளியிட்டார். கி.மு. 4000இல் ஒரு சிறு குடியிருப்போடு தொடங்கி, நகர் கண்டு, கலை வளர்த்து, போர் புரிந்து, விண்வெளி வரை ஒரு மக்கட் கூட்டத்தை ஆடுவோன் நடத்திச் செல்வது அதன் போக்கு. அவ்வரிசையின் ஏழாவது விளையாட்டு 2025 பெப்ரவரியில் வெளிவந்தது. அதிலே சோழர் ஒரு தனி நாகரிகமாக இடம்பெற்றனர்; தஞ்சைப் பெரிய கோவில் உலகப் பெருஞ் சின்னங்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது. அதற்கு ஏறத்தாழ மூன்றாண்டு முன்னர், 2022 ஏப்பிரலில், 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்' வரிசையின் இரண்டாம் விளையாட்டுக்கு வந்த விரிவாக்கம் ஒன்றிலே 'திராவிடர்' என்ற பெயரில் ஒரு கூட்டத்தார் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய குடியானவரும் படைவீரரும் தமிழிலே விடையிறுக்கின்றனர். அவர்களுக்கென இராஜேந்திர சோழனின் போர்களைக் கொண்ட கதைத் தொடரும் உண்டு. அக்கூட்டத்தாரின் சிறப்பியல்புகளுள் ஒன்று, அவர்களின் மீனவர் ஏனையோரினும் மிகுதியான மீனைச் சுமந்து வருவர் என்பது. உடப்பிலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் விடியற்காலையில் வள்ளம் தள்ளுவோர் இதனைக் கேட்டால் ஒருவேளை சிரிப்பர். ஆயினும் தமிழரைக் கடலோடு சேர்த்தே எண்ணவேண்டும் என்று தொலைதூர நாட்டு விளையாட்டாசிரியர் ஒருவருக்குத் தோன்றியிருப்பது சிறு செய்தியன்று.

(இன்னொன்றையும் இடையிலே சொல்லிவிடலாம். நாட்டிலே கணினிகள் ஓடும் மின்சாரத்தில் கணிசமான பங்கு, 2011 முதல் இயங்கிவரும் நுரைச்சோலை அனல் மின்நிலையத்திலிருந்தே செல்கிறது. ஆகவே கொழும்பிலே ஒரு சிறுவன் சோழனாக ஆடினும் புத்தளக் கரைக்கு அதிலே பங்குண்டு.)

இவ்விளையாட்டுக்களை ஆடுவோரைக் காட்டிலும் அவற்றைப் பற்றி வாதிடுவோரே எனக்கு விந்தையாகத் தோன்றுகின்றனர். எந்த ஆண்டில் எந்தப் பதிப்பில் எந்தக் கூட்டத்தார் சேர்ந்தனர், எந்த வீரனின் வலிமை எப்போது குறைக்கப்பட்டது, இன்ன பிழை எவர் கண்டது என்றெல்லாம் அவர்கள் பாட்டியலுக்கு உரை எழுதுவோர் போல நுணுகி ஆராய்கின்றனர். வீண் வேலை என்று தள்ளிவிட வேண்டா. 1999இல் 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் விளையாட்டு வந்தபோது அதில் இந்தியர் எவருமே இல்லை. அதனை ஆக்கிய நிறுவனம் 2009இல் மூடப்பட்டது. அதன்பின் ரசிகர் சிலர் தாமாகவே கூடி ஒரு விரிவாக்கத்தைச் செய்தனர். அதன் தரத்தைக் கண்ட உரிமையாளர் 2013இல் அதனையே முறைப்படி வெளியிட்டனர். அவ்வெளியீட்டிலேதான் 'இந்தியர்' என்ற பொதுப் பெயரில் ஒரு கூட்டத்தார் முதன்முதல் தோன்றினர். அந்த ரசிகரே பின்னர் தொழில்முறை ஆக்குநராகி, 2022இல் அப்பொதுப் பெயரைப் பிரித்துத் திராவிடர், வங்காளர், கூர்ஜரர், இந்துஸ்தானியர் என நால்வராக்கினர். பெயர் பற்றிய பூசல் இன்னும் ஓயவில்லை. திராவிடம் என்பது 1856இல் கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணத்தால் மொழிக் குடும்பத்துக்கு நிலைத்த பெயர். அதனை ஒரு நாட்டவருக்கோ அரசுக்கோ இடலாமா, கன்னடரும் தெலுங்கரும் தமிழ் பேசும் வீரரின் பின்னே நிற்க உடன்படுவரா என்பன அங்கே எழுந்த வினாக்கள். நம் பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் எழுந்தாலும் இவ்வினாக்கள் தகுதியுடையனவே.

ஆனால் ரசிகர் கூட்டம் எப்போதும் உண்மையையே பேணும் என்று எண்ணிவிடலாகாது. அவர்கள் வளர்த்த பொய்களுள் மிகப் பெரியது நம் அயல் நாட்டுப் பெரியார் ஒருவரைப் பற்றியது. 'அணுகுண்டுக் காந்தி' என அது பெயர் பெற்றது.

கதை இவ்வாறு. முதலாம் 'சிவிலைசேஷன்' விளையாட்டில் இந்தியாவின் தலைவர் காந்தியடிகள். ஒவ்வொரு தலைவருக்கும் 'போர்க்குணம்' என ஓர் எண் உண்டு. காந்தியடிகளுக்கு மிகக் குறைந்த எண்ணாகிய 1 இடப்பட்டது. ஒரு நாடு மக்களாட்சியை ஏற்கும்போது அதன் போர்க்குணத்தில் 2 கழியும். 1இல் 2 கழிந்தால் குறை 1. கணினி ஓர் எண்ணை எட்டு இருமக் குறிகளிலே, குறைக்குறி இல்லாமல் எழுதிவைத்தால், 0 முதல் 255 வரையே அதில் அடங்கும். சுழியத்துக்குக் கீழே இறங்கின், கடிகார முள் பன்னிரண்டைக் கடப்பதுபோல மறுகோடிக்குச் சென்று 255இல் நிற்கும். இவ்விதமாக அகிம்சையின் திருவுருவாகிய காந்தியடிகள் உலகின் கொடிய போர்வெறியராக மாறி, அயலார்மேல் அணுகுண்டு மழை பொழிந்தார் என்பது கதை.

எவ்வளவு அழகான கதை! அளவிறந்த சாந்தம் அளவிறந்த சினமாகத் திரும்புவது நம் புராணங்களுக்கும் புதிதன்று. கணினியின் கணக்குமுறை விளக்கமும் சேர்ந்துவிட்டது. கல்லூரிகளிலே எண்வரம்பு கடக்கும் பிழைக்கு எடுத்துக்காட்டாக ஆசிரியர் இதனைக் கூறினர், செய்தித்தாள்கள் எழுதின, விளையாட்டை ஒருநாளும் தொடாதவருங்கூட இதனை அறிந்திருந்தனர்.

கதை முழுவதும் பொய். 2020இல் சிட் மையர் தம் நினைவுக் குறிப்பு நூலில் இதனை எடுத்துக்கொண்டு மறுத்தார். அவ்விளையாட்டின் நிரலில் எண்கள் குறைக்குறியுடனேயே எழுதப்பட்டிருந்தன. ஆகவே 255 ஆக மாறுதற்கு இடமில்லை. ஆட்சிமுறையும் போர்க்குணத்தை மாற்றவில்லை. இரண்டாம் விளையாட்டின் தலைமை ஆக்குநரான பிரையன் ரெய்னொல்ட்ஸ் மேலும் ஒன்றைத் தெரிவித்தார்: போர்க்குணத்துக்கு மூன்றே படிகள் இருந்தன, மிகக் கீழ்ப்படியிலே காந்தியடிகள் மட்டுமல்லர், தலைவருள் மூன்றிலொரு பங்கினர் இருந்தனர், 255 என்ற எண் எவ்வாறேனும் அமைந்திருப்பினும் அது மேற்படியினரைப் போலவே நடந்திருக்குமன்றி அதற்கு மிஞ்சி நடந்திராது. பின்னே எங்கிருந்து வந்தது இக்கதை? போரை நாடாத இந்தியா அறிவியலிலே முந்திச் சென்று அணுவாயுதத்தைக் காலத்தோடு பெற்றிருக்கலாம். எந்தத் தலைவரும் அச்சுறுத்தும் வேளையில் கூறும் வழக்கமான சொற்களைக் காந்தியடிகளின் முகம் கூறியபோது அது மட்டும் நினைவில் தங்கியிருக்கலாம். மற்றவர் கூறியதை எவர் நினைவு வைத்திருப்பார்?

அதன் பிறகே சுவையான பகுதி வருகிறது. 2010இல் வந்த ஐந்தாம் விளையாட்டில் தலைமை ஆக்குநர் ஜோன் ஷேஃபர் வேண்டுமென்றே, நகைச்சுவைக்காக, காந்தியடிகளின் அணுவாயுத நாட்டத்துக்கு 12 என்ற எண்ணை இட்டார். அளவுகோலின் மேல்வரம்பு 10. ஒவ்வோர் ஆட்டத்திலும் எண் இரண்டு வரை கூடியோ குறைந்தோ மாறும். எவ்வளவு குறைந்தாலும் அவர் உச்சத்திலேயே நிற்கவேண்டும் என்பது ஆக்குநரின் குறும்பு. இதனைக் கண்ட ரசிகர் காரணம் தேடினர். 2012 அளவிலே, தொண்ணூறுகளின் விளையாட்டில் நிகழ்ந்த பிழையே இதன் வேர் என்ற விளக்கம் இணையத்திலே முளைத்தது. அதாவது, பின்னால் பிறந்த பகிடிக்கு முன்னால் ஒரு வரலாறு கற்பிக்கப்பட்டது. மகன் பிறந்தபின் அவனுக்கேற்ற பாட்டனைப் படைத்த செயல் இது. பாட்டனின் பிறந்த ஆண்டு, ஊர், சாதகம் யாவும் மிகத் துல்லியமாக இருந்தமையாலேயே எவரும் ஐயுறவில்லை.

இங்கே நாம் கருத்தூன்ற வேண்டியது அத்துல்லியத்தையே. மங்கலாகச் சொன்ன பொய்யை மக்கள் எளிதில் சந்தேகிப்பர். 1, 2, 255 என்று எண்ணோடு வந்த பொய்க்கு அறிவியலின் மேற்சட்டை கிடைத்துவிடுகிறது. ஆயினும் அந்தக் கூட்டத்தாரைப் பாராட்டவே வேண்டும். ஆக்கியோர் வாய்திறந்தபின் ரசிகருட் பெரும்பாலோர் கதையைக் கைவிட்டனர். கதை எங்கே முதலில் தோன்றியது, எவ்வாறு பரவியது என்ற ஆராய்ச்சியைத் தாமே மேற்கொண்டனர். பொய்யின் வரலாற்றையும் வரலாறாக எழுதிவைத்தனர். நம்முள் எத்தனை பேர் இதனைச் செய்வோம்?

இவ்வினாவைப் புத்தளக் கரையில் நின்று கேட்பதற்குக் காரணமுண்டு. இலங்கையின் கரைகளுள் கதை மிகுந்த கரை இது. விசயன் இறங்கிய தம்பபண்ணி இப்பக்கமே என்பார் ஒருசாரார். வில்பத்துக் காட்டின் மேற்கோரத்திலே கடலை நோக்கி நிற்கும் குதிரைமலையை அல்லி அரசாணியின் தலைநகர் என்று ஊரார் காட்டுவர். ஆனால் அல்லி அரசாணி கதைப்பாட்டைக் கையிலெடுத்தால், அவள் அங்கே மதுரையை ஆள்கிறாள். மதுரை அல்லி எவ்வாறு குதிரைமலைக்கு வந்தாள்? முத்துக்குளிப்புக்கு வந்த தென்பாண்டிக் கரையோர் தம் கதையையும் வள்ளத்தில் ஏற்றி வந்தனரோ? இது என் ஊகம், சான்றன்று. ஊகத்தை ஊகமென்று சொல்லிவைத்தல் நலம்.

அதே குதிரைமலையைப் பற்றி இன்னொரு செய்தி நம் மேடைகளிலே அடிக்கடி முழங்கப்படுகிறது. உரோம அறிஞர் பிளினி தம் இயற்கை வரலாற்றின் ஆறாம் பகுதியிலே ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியுஸ் புளோக்காமுஸ் என்பவனின் விடுதலை பெற்ற அடிமை ஒருவன் அரபு நாட்டைச் சுற்றிக் கலத்திற் செல்கையில், காற்றால் அள்ளுண்டு, பதினைந்தாம் நாள் தப்ரபேன் தீவின் ஹிப்புரோஸ் என்னும் துறையை அடைந்தான். மன்னன் அவனை ஆறு மாதம் ஓம்பினான். அவன் கொணர்ந்த நாணயங்களில் வெவ்வேறு முகங்கள் பொறித்திருந்தும் எடை யாவற்றிலும் ஒன்றாயிருந்ததைக் கண்டு மன்னன் உரோமரின் நேர்மையை வியந்தான். நால்வரைத் தூதாக அனுப்பினான். இஃது உரோமப் பேரரசன் குளோடியுஸ் காலத்ததென்பது பிளினியின் கூற்று. குளோடியுஸ் அரியணை ஏறியது கி.பி. 41இல். 19ஆம் நூற்றாண்டிலே எமர்சன் தெனன்ற் என்ற ஆங்கில அதிகாரி, ஹிப்புரோஸ் எனின் கிரேக்கத்தில் குதிரைமலை என்று பொருளாகுமென்றும், ஆகவே அத்துறை நம் குதிரைமலையே என்றும் எழுதினார். அன்று முதல் இது கல்லெழுத்தாயிற்று.

சற்று நிதானிப்போம். அக்கிரேக்கச் சொல்லைக் 'குதிரைவால்' என்றே கொள்வது இயல்பு. ஒருவகைக் கடல்மீனுக்கும் அதுவே பெயர். ஒலியும் பொருளும் இணங்குகின்றன என்பதால் இடம் உறுதியாகிவிடாது. மறுப்பதற்கும் போதிய சான்றில்லை, இணக்கம் கவர்ச்சியானதே. ஆனால் உறுதி என்பது வேறு.

இதே நிகழ்ச்சியின் மறுபாதியைப் பாருங்கள். எகிப்து நாட்டிலே, நைல் ஆற்றங்கரையிலிருந்து செங்கடலின் பெரனிக்கே துறைக்குச் செல்லும் பாலைவழியிலுள்ள வாதி மெனி என்னுமிடத்துப் பாறையிலே கிரேக்கத்திலும் இலத்தீனிலும் கீறப்பட்ட எழுத்துக்கள் கிடைத்தன. அவை 1953இல் அச்சேறின. புப்ளியுஸ் அன்னியுஸ் புளோக்காமுஸ் என்பானின் அடிமையாகிய லீசாஸ் அவ்வழியே வந்தான் என்பது செய்தி; காலம் கி.பி. 6. புளோக்காமுஸ் கட்டுக்கதை மாந்தன் அல்லன், உண்மையில் செங்கடல் வழியிலே ஆள் வைத்து வணிகம் நடத்தியவனே என்பது இதனால் விளங்குகிறது. ஆனால் பிளினி கூறும் காலத்துக்கு முப்பத்தைந்து ஆண்டு முன்னரே அவன் தொழிலில் இருந்திருக்கின்றான். கலம் காற்றில் அகப்பட்டது குளோடியுஸ் காலத்திலா, அதற்கு மிக முன்னரா என்ற வினா அன்று பிறந்தது. வெயிலுக்கு ஒதுங்கிய ஓர் அடிமை பாறையிலே தன் பெயரையும் நாளையும் கீறிவைத்தான். அது பேரறிஞர் ஒருவரின் நூலை உறுதியும் செய்கிறது, திருத்தவும் செய்கிறது. சிட் மையரின் நிரல் காந்திக் கதைக்குச் செய்ததை இப்பாறை பிளினிக்குச் செய்தது. நம் மேடைகளில் குதிரைமலை முழங்குமளவுக்கு வாதி மெனி ஒலிப்பதில்லை என்பது நாம் எத்தகைய ரசிகர் என்பதைக் காட்டும்.

துணுக்குச் செய்திகளைத் திரட்டுவதும் ஒரு தொண்டே என்பதற்கு இக்கரையே ஒரு பெருமகனைத் தந்தது. கற்பிட்டியிலே 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர் விவர அகராதி ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஊர், ஆறு, மலை, கோவில், விளைபொருள், வழக்கம் என ஒன்றும் விடாது அகர வரிசையில் அடுக்கினார். 1859இல் அவருடைய 'தமிழ் புளூட்டாக்' வெளிவந்தது. தமிழ்ப் புலவர் வரலாறுகளை முதன்முதல் ஒருங்கு தொகுத்த நூல்களுள் ஒன்று அது. வள்ளுவரும் ஔவையும் உடன்பிறந்தார் என்பது போன்ற செவிவழிக் கதைகள் வழங்கிய காலம் அது. தம் செவிக்கு எட்டியவற்றை அவர் பெரும்பாலும் கொண்டார். இன்று நாம் அவற்றைக் கதை என்று ஒதுக்கக்கூடியவராக இருக்கின்றோம் எனின், ஒதுக்குவதற்குப் பொருளைத் திரட்டித் தந்தவர் அவரே. திரட்டாமல் ஆராய்தல் இயலாது. ஆனால் திரட்டிய இடத்திலேயே நின்றுவிடுவதும் ஆகாது. விளையாட்டு ரசிகர் இரண்டையும் பத்தாண்டுக்குள் செய்தனர். புலவர் வரலாற்றிலே அதனைச் செய்ய நமக்கு நூறாண்டு சென்றது. அச்சுக்கூடமும் ஏட்டுச் சுவடியும் அவ்வளவு வேகமாக இயங்கா என்ற நியாயமும் நமக்குண்டு.

சோழர் செய்திக்குத் திரும்புவோம். தமிழ் மாணவனுக்கு இராஜேந்திரன் கங்கையும் கடாரமும் கொண்ட வீரன். 2022இலும் 2023இலும் வந்த 'பொன்னியின் செல்வன்' திரைப்படங்கள் அவ்வுணர்ச்சியைப் புதுப்பித்தன. சிங்கள மாணவனுக்கு அதே இராஜேந்திரன் விகாரைகளைச் சூறையாடி, ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துச் சென்ற பகைவன். விளையாட்டு இவ்விருவரையும் ஒரே திரைக்கு முன் இருத்துகிறது. ஒருவன் சோழனாக ஆடுவான். மற்றவன், தன்னவர் இப்பட்டியலில் எங்கே என்று தேடுவான். 2022ஆம் ஆண்டின் விரிவாக்கத்தில் சிங்களவருக்குத் தனியிடம் இல்லை. 'சிவிலைசேஷன்' ஆறாம் விளையாட்டிலே கண்டி ஒரு நகர அரசாக உண்டு. அதனோடு உறவு பூண்டோர் இயற்கை அதிசயங்களைக் கண்டறியுந்தோறும் புனிதச் சின்னம் ஒன்றைப் பெறுவர். தலதா மாளிகையை ஆக்குநர் இவ்வாறு நினைவுகூர்ந்தனர் போலும்.

புத்தளக் கரையிலே இது வெறும் ஆட்டமன்று. தமிழ் பேசும் இந்துக்களும், முஸ்லிம்களும், கத்தோலிக்கரும், சிங்களவரும் ஒரே களப்பின் உப்பைத் தின்று வாழும் மாவட்டம் இது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் இங்கே வந்து ஓலைக் கொட்டில்களிலே ஆண்டுக்கணக்காகத் தங்கினர். முன்னர் வந்தவர் யார், பின்னர் வந்தவர் யார் என்ற வினாவுக்கு இங்கே காணியும் வாக்கும் தண்ணீரும் விலையாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. இத்தகைய இடத்தில், பாட்டனைப் பின்னால் படைக்கும் வழக்கம் ஒரு பகிடியாக நின்றுவிடுவதில்லை. அணுகுண்டுக் காந்தியால் எவருக்கும் ஊறில்லை. 'இவ்வூர் எமதே' என்று ஆண்டும் எண்ணுமாக எழுதப்படும் துண்டுப் பிரசுரத்தால் உண்டு.

ஆகவே ஆசிரியர்கள் இவ்விளையாட்டுக்களை விரட்டாமல் வகுப்புக்குள் அழைத்தால் என்ன? இராஜேந்திரனின் ஈழப் படையெடுப்பையே எடுத்துக்கொள்வோம். அவன் மெய்க்கீர்த்தி, ஈழத்தரசன் முடியையும், அவன் தேவியர் முடியையும், முன்னர் பாண்டியன் அங்கே வைத்துச் சென்ற முடியையும் கவர்ந்ததாகப் பெருமை பேசுகிறது. சூளவம்சமோ அதே நிகழ்ச்சியை, மகிந்தனும் முடியும் பரம்பரை அணிகளும் பகைவர் கைப்பட்டன என்று துயரத்தோடு பதிகிறது. வென்றோன் ஏடும் தோற்றோன் ஏடும் ஒன்றையே சொல்லுமாயின் அதனை நம்பலாம். 1017ஐ ஒட்டிய அந்நிகழ்ச்சிக்கு இவ்விரட்டைச் சான்று இருக்கிறது. பெருமையையும் துயரத்தையும் கழித்துவிட்டால் எஞ்சி நிற்பது எது என்று இரு மாணவரும் சேர்ந்து கணக்கிடலாம்.

அதன்பின் அவர்களைத் திருகோணமலைக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரைக்கு அழைத்துச் செல்லவேண்டும். நேரிலே இயலாதெனின் நூலிலே. சோழர் ஆட்சியிலே அது இராஜராஜப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றுத் தமிழரின் கொடைகளை ஏற்ற பௌத்தப் பள்ளி. தமிழ்க் கல்வெட்டுக்கள் அதனைச் சொல்கின்றன. ஏறத்தாழ 1070இல் விசயபாகு சோழரைப் பொலன்னறுவையிலிருந்து ஒட்டினான். அவன் காலத்துக்குப் பின் அதே நகரிலே பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு ஒன்று, புனித தந்தம் இருந்த கோவிலைக் காக்கும் பொறுப்பைத் தமிழ்ப் படையினரான வேளைக்காரர் ஏற்றுக்கொண்டதைக் கூறுகிறது. கண்டிக்குப் புனிதச் சின்னத்தைத் தந்த விளையாட்டாசிரியர் இதனை அறிந்திருந்தால் என்ன விதி வகுத்திருப்பாரோ!

ஏழாவது விளையாட்டின் சோழர் பகுதியிலே என்னைக் கவர்ந்தது கோவிலன்று. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என இரு கட்டடங்கள் அங்கே சோழருக்கே உரியன. இரண்டையும் அடுத்தடுத்து எழுப்பினால் ஐந்நூற்றுவர் பெயரால் ஒரு வணிகச் சேரி உருவாகும். நம் பாடநூல்களிலே கால்வரி பெறும் இச்சொற்களை உலகெங்கும் இளைஞர் இப்போது உச்சரிக்கின்றனர். மணிக்கிராமமும் ஐந்நூற்றுவரும் தென்னாட்டு வணிகர் கணங்கள். அஞ்சுவண்ணமோ மேற்காசியாவிலிருந்து கடல் கடந்து வந்த வணிகரின் கூட்டு. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலே அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் சேர்ந்தே வருகின்றன. சான்றாளர் அரபு, பாரசீக, எபிரேய எழுத்துக்களில் ஒப்பமிட்டுள்ளனர். தமிழகத்து வாணிகம் அக்காலத்தே எத்தனை மொழியில் கணக்கு வைத்தது என்பதற்கு அவ்வொப்பங்களே சாட்சி.

புத்தளத்துக்கு இது அயலானதன்று. 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பத்தூத்தா இக்கரையில் இறங்கினார். பத்தாளா என்று அவர் குறிக்கும் ஊர் புத்தளமே என்பது பெரும்பாலோர் முடிபு. மலையாறுகள் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் கரையெங்கும் கிடந்தன என்கிறார். ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று முத்துக்களைக் காட்டினான். மன்னனுக்குப் பாரசீகம் விளங்கியது. யாழ்ப்பாணத்துத் தமிழரசன், மொரோக்கோ முஸ்லிம், புத்தளக் கரை, பாரசீகப் பேச்சு. எந்தக் கூட்டத்தாரின் பட்டியலிலே இக்காட்சியைச் சேர்ப்பது? 'திராவிடர்' என்ற பெயரைப் பற்றிச் சண்டையிடும் ரசிகருக்கும், நம்மூர்த் துண்டுப் பிரசுரகாரருக்கும் ஒருங்கே இடர் தரும் காட்சி இது.

விதி வகுப்போருக்கு இன்னுமொரு பொருளை இக்கடல்வழியே தந்திருக்கிறது. நயினாதீவிலே உள்ள தமிழ்க் கல்வெட்டு, 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. சிங்கள மன்னன் தன் கட்டளையைத் தமிழிலே பொறித்தான், வந்துபோகும் வணிகர் படிக்கவேண்டும் என்பதற்காக. ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது ஆணை. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால், அப்பொருளில் நாலில் ஒன்று அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. பிற பண்டம் ஏற்றிவந்த கலம் உடைந்தால், செம்பாதி அரசுக்கு, செம்பாதி உடையவனுக்கு. யானைக்கும் குதிரைக்கும் ஏன் இச்சலுகை? அவை படைக்கு வேண்டும். வணிகன் அஞ்சி வராதுவிட்டால் மன்னனுக்கே இழப்பு. காற்றில் அள்ளுண்டு வந்தவனை ஆறு மாதம் ஓம்பிய பிளினியின் மன்னனுக்கும், கலமுடைந்தவனுக்கு முக்காற்பங்கைத் திருப்பிக் கொடுத்த பராக்கிரமபாகுவுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது.